பழைய ஃபார்ம்வொர்க் தகடு: கிலோ கணக்கில் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வீடு, கடை கட்டும் சின்ன வேலைகளை எடுத்துச் செய்கிறேன். பிறையில் தொழிலை நிறுத்தும் குத்தகையாளர் ஒருவரிடம் மூன்றுக்கு இரண்டு அடி இரும்பு ஃபார்ம்வொர்க் தகடுகள் 200 இருக்கின்றன. எடை போட்டு, கிலோ கணக்கில் தருவதாகச் சொல்கிறார். சிலவற்றில் பழைய கான்கிரீட் ஒட்டியிருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், பாகான் டாலாம்

பதில்: வாங்கலாம், ஆனால் எடைக்கு வேண்டாம். தகட்டில் 3 மில்லிமீட்டர் தடிப்புக்குக் கான்கிரீட் காய்ந்து கிடந்தால், ஒன்றுக்கு மூன்றரைக் கிலோ கூடும். இருநூறிலும் அப்படி ஒட்டியிருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள்: 700 கிலோ கல்லுக்கு இரும்பு விலை கொடுப்பீர்கள். சுரண்டிய பிறகு எடை போடச் சொல்லுங்கள்; இல்லையென்றால் தகட்டுக்கு இவ்வளவு என்று பேசி முடியுங்கள்.

சுரண்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடல் பக்கத்தில் வெளியில் அடுக்கிய தகட்டை உப்புக்காற்றும் மழையும் சேர்ந்து அரிக்கும். ஒட்டிய கான்கிரீட்டுக்கு அடியிலும், சட்டம் சேரும் மூலையிலும் ஈரம் தங்கி, துரு கண்ணுக்குத் தெரியாமலே வளரும். 2 மில்லிமீட்டர் தகடு ஒன்றரையாகத் தேய்ந்தால், கனத்தில் கால் பங்குதான் போகிறது. வளையாமல் தாங்கும் விறைப்போ பாதிக்கும் கீழே போய்விடும். 125 மில்லிமீட்டர் தளம் ஊற்றும்போது ஒரு தகட்டின் மேல் ஏறக்குறைய 165 கிலோ ஈரக் கான்கிரீட் நிற்கும். ஊற்றும் ஆட்களின் எடை தனி. ஆகவே கனம் அளக்கும் காலிப்பரைக் கையோடு கொண்டுபோய், ஓரத்தில் மட்டும் அளக்காமல் துளைகளின் பக்கத்திலும் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது கோணல். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். இந்த அளவுத் தகட்டுக்கு 1100 மில்லிமீட்டர் வரவேண்டும்; இரண்டுக்கும் வித்தியாசம் மூன்றைத் தாண்டினால் நான் ஒதுக்கிவிடுவேன். கோணல் தகடுகளை வரிசையாகப் பூட்டினால் இடுக்கு வழியாகச் சிமெண்ட் பால் ஒழுகிவிடும். பிரித்துப் பார்த்தால் தளத்தின் அடிப்பக்கம் ஜல்லி ஜல்லியாகப் பல்லிளிக்கும். பூச்சு பூசி மறைக்கலாம், உள்ளிருக்கும் கம்பிக்கு அது பாதுகாப்பு ஆகாது.

உங்களிடம் வேறு தகடுகள் இருந்தால், ஊசித் துளைகளின் இடைவெளி பொருந்துகிறதா என்று ஒன்றை எடுத்துப்போய்ப் பூட்டிப் பாருங்கள். வெல்டிங் வைத்து ஒட்டுப்போட்டவை தூண் பக்கம் போகவே கூடாது; தூணில் ஈரக் கான்கிரீட் பக்கவாட்டில் தள்ளும் அழுத்தம் தளத்தைவிடப் பல மடங்கு.

வாங்கியதும் கழிவு எஞ்சின் எண்ணெய் தடவாதீர்கள். கறை பிடிக்கும், பூச்சும் ஒட்டாது. அதற்கென்றே விற்கும் அச்சு எண்ணெயை மெல்லிதாகத் தடவினால் போதும்.