கதையும் காணொளியும்

ஏட்டில் ஏறாது நாவிலேயே வாழ்ந்த இலக்கியம் ஒன்று நம் சிற்றூர்களில் உண்டு. அதுவே நாட்டுப்புறக் கதை. பாட்டி சொல்ல, பேரப்பிள்ளைகள் ‘உம்’ கொட்டிக் கேட்க, அது வளர்ந்தது. இடைசெவலில் பிறந்து 2021-இல் மறைந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், கரிசல் நிலத்துக் கதைகள் பலவற்றைத் தொகுத்து அச்சேற்றினார். எனினும், சொல்பவரின் குரலையும் முகக்குறிப்பையும் அச்சு காட்டவல்லதோ?

அக்குறையை இணையக் காணொளி நீக்குகின்றது. 2005-இல் யூடியூப் தோன்றிய பின்னர், கரிசற்காட்டு மூதாட்டியின் கதையை, அவர்தம் பேச்சு நடை மாறாமலே, நீலகிரி மாணவரும் வகுப்பறையில் கேட்டல் எளிதாயிற்று. தமிழ்நாட்டரசு 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் இவ்வழியே மாணவரை அடைகின்றன.

ஆயின், காணொளி நம் ‘உம்’மைக் கேளாது, எத்தனை முறை ஓட்டினும் ஒரு சொல்லும் மாறாது. பாட்டியோ, கேட்போர் முகம் நோக்கிக் கதையை நீட்டுவார், சுருக்குவார். ஆதலின், நல்லாசிரியர் காணொளியை இடையே நிறுத்துவார். ‘கொழுக்கட்டை’ என்று சொல்லிக்கொண்டே வந்த மருமகன், வாய்க்காலைத் தாண்டுகையில் ‘அத்திரிபாச்சா’ என்கின்றான். ‘அடுத்து என்ன நிகழும்?’ என்று ஆசிரியர் வினவுவார். வகுப்பில் பல விடைகள் எழும். பின்னர், அக்கதை தத்தம் ஊரில் எவ்வாறு வழங்குகின்றது என முதியோரிடம் கேட்டுவரச் செய்வார்.

மாணவர்களே! காணொளி விதைநெல் போன்றது. குதிரில் கிடந்தால் முளையாது. கேட்ட கதையை இன்று மாலையே உங்கள் தம்பி தங்கையர்க்குச் சொல்லுங்கள். அவர்கள் ‘உம்’ கொட்டும் வரையில் அக்கதைக்கு அழிவில்லை.