மிதித்தால் அமுங்கும் புதிய மரத்தரை

சிமெண்டுத் தளத்தின்மேல் ஃபோம் விரித்து, பசையோ ஆணியோ இன்றிப் பலகைகளை ஒன்றோடொன்று பூட்டி அமைக்கப்படும் லேமினேட் தரை ‘மிதக்கும் தரை’ எனப்படும். புதிதில் அது காலடியில் இலேசாக அமுங்குவது இயல்பே ஆதலால், உடனே பெயர்க்க முற்படுவது வீண்வேலை. அமுக்கம் நீடித்தால் முதலில் சுவரோரத்தைப் பார்க்க வேண்டும்: பலகை ஈரத்தில் விரிவதற்கென ஸ்கர்டிங்கின் அடியில் விடப்படும் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி இல்லாமல், பலகை சுவரையோ கதவு நிலையையோ முட்டினால், தரை நடுவில் மேலெழும்பிக் கால் பட்டதும் கீழிறங்கும்; முட்டும் விளிம்பை அறுத்துவிட்டால் பெரும்பாலும் தானே படிந்துவிடும். இடைவெளி சரியாக இருந்தும் ஓரிடம் மட்டும் அமுங்கினால், அடியில் பள்ளம் இருக்கக்கூடும். பலகைகளைச் சுவரோரத்திலிருந்து வரிசையாகக் கழற்றி, நீண்ட மட்டக்கட்டையை வைத்துப் பார்த்து, 2 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்ந்த இடத்தைத் தானே மட்டமாகும் சிமெண்டுக் கலவையால் நிரப்பி, நன்கு உலர்ந்தபின் மீண்டும் பூட்ட வேண்டும். பள்ளத்துக்கு ஈடாக ஃபோமை இரண்டடுக்காக விரிப்பது பலரும் செய்யும் தவறு. அது அசைவைக் கூட்டிப் பூட்டு விளிம்புகளையே உடைத்துவிடும். அமுங்கும் இடத்தில் துளையிட்டுப் பசை செலுத்தும் முறை தளத்தோடு ஒட்டப்பட்ட மரத்தரைக்கே உரியது. மிதக்கும் தரையில் அது பலகையை ஓரிடத்தில் கட்டிப்போட்டு, வேறிடத்தில் புடைக்க வைக்கும்.