புழுவைக் கொல்லும் வைரஸ்

பருத்திச் செடியின் உச்சியில் தலைகீழாய்த் தொங்கும் கறுத்த புழுவைப் பெரம்பலூர், அரியலூர் அங்கத்தினர் சிலரேனும் கண்டிருப்பர். அது என்.பி.வி. என்னும் வைரஸ் நோயால் மாண்ட பச்சைக் காய்ப்புழு. உடல் கரைந்து வழிய, கீழிலைகளைத் தின்னும் புழுக்களுக்கும் நோய் தொற்றுகிறது. இதனை நாமே தெளித்தும் பரப்பலாம். மனிதருக்கோ மாட்டுக்கோ தீங்கில்லை.

ஆனால் வைரஸ், மருந்துப்பொடி போன்றதன்று. தான் தாக்கும் உயிரோடு சேர்ந்து மாறுவது. ஆஸ்திரேலியாவில் பயிரழித்த காட்டு முயல்கள்மீது 1950-இல் மிக்ஸோமா வைரஸை ஏவினர். முதலில் நோயுற்றவை ஏறக்குறைய யாவும் மாண்டன. சில ஆண்டுகளில் கடுமை குறைந்த வைரஸே மேலோங்கியது. நோயைச் சுமந்தது கொசு; விரைவிற் சாகும் முயலைவிட, நோயோடு பல நாள் கிடக்கும் முயலையே அது மிகுதியும் கடித்தது. தப்பிய முயல்களின் குட்டிகளுக்கும் எதிர்ப்பு வளர்ந்தது.

புழு வைரஸின் வழி வேறு. புழு செத்துக் கரைவதே அதற்கு ஆதாயம். ஆயினும் புழு மாறக்கூடும்: ஜெர்மனியில் ஆப்பிள் புழு, தனக்கென்று தெளித்த வைரஸுக்கு மசியாமற்போன செய்தி 2005-இல் வெளியாயிற்று. ஆகவே இனக்கவர்ச்சிப் பொறியையும் முட்டை ஒட்டுண்ணியையும் கைவிடலாகாது.

இளம்புழுப் பருவத்தில், வெல்லம் சிறிது கலந்து, மாலையில் தெளிக்க வேண்டும். வெயில் வைரஸைச் சிதைக்கும். நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் புட்டிகள் கோடை முழுதும் தகரக் கொட்டகையிற் கிடந்தன. அவற்றை விலைகொடுத்து வாங்கிய அங்கத்தினர், வைரஸே பயனற்றது என்று நம்மிடம் முறையிட்டனர்.