எக்ஸெல்லில் பகடை உருட்டலாம்!

இரண்டு பகடைகளை ஒன்றாக உருட்டினால் கூட்டுத்தொகை 7 வருவதற்கான நிகழ்தகவு என்ன? எட்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் சட்டென்று பதில் சொன்னாள். "2 முதல் 12 வரை மொத்தம் 11 விடை. அதில் 7 ஒன்று. அப்போ 11-இல் 1 தானே மாமா?"

விடை தவறு. வாயால் விளக்குவதைவிட உருட்டியே காட்டிவிடலாம் என்று எக்ஸெல்லைத் திறந்தேன். நீங்களும் செய்து பாருங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைப் பயன்படுத்தலாம். ஃபார்முலாக்களை இங்கே தமிழில் தந்துள்ளேன். நீங்கள் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும்.

1. ஏ1 செல்லில் =ராண்ட்பிட்வீன்(1,6) என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 1 முதல் 6 வரை ஏதேனும் ஓர் எண் கிடைக்கும். இது முதல் பகடை.

2. பி1 செல்லிலும் அதே ஃபார்முலாவைத் தாருங்கள். இது இரண்டாவது பகடை.

3. சி1 செல்லில் =ஏ1+பி1 எனத் தாருங்கள்.

4. ஃபார்முலா பாரின் இடது ஓரத்தில் உள்ள நேம் பாக்ஸில் ஏ1:சி1000 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். அத்தனை செல்களும் செலக்ட் ஆகும். இப்போது கன்ட்ரோல் + டி கீகளை அழுத்துங்கள். 1000 முறை உருட்டியாகிவிட்டது!

5. ஈ1 செல்லில் =கவுன்ட்இஃப்(சி1:சி1000,7) எனவும், ஈ2 செல்லில் =கவுன்ட்இஃப்(சி1:சி1000,12) எனவும் தாருங்கள். 7, 12 ஆகியவை எத்தனை முறை வந்தன என்பது தெரியும்.

அவள் கணக்குப்படி 7 சுமார் 91 முறை வர வேண்டும். எஃப்9 கீயை அழுத்தி மீண்டும் மீண்டும் உருட்டிப் பாருங்கள். எண்ணிக்கை மாறினாலும் 167-ஐ ஒட்டியே இருக்கும்.

காரணம் இதுதான். முதல் பகடையில் எந்த எண் விழுந்தாலும் இரண்டாவதில் 6 வகை விழலாம். ஆக மொத்தம் 6 x 6 = 36 வகை. இவற்றில் (1,6), (2,5), (3,4), (4,3), (5,2), (6,1) என 6 வகையில் 7 வரும். 6/36, அதாவது 1/6. ஆனால் 12 வர (6,6) என்ற ஒரே வழிதான். 1/6 x 1/6 = 1/36. எனவே அது 28 முறை அளவில்தான் வரும்.

இரண்டு நிகழ்ச்சிகளும் சேர்ந்து நடக்க வேண்டுமானால் நிகழ்தகவுகளைப் பெருக்க வேண்டும். ஆனால் ஒன்று மற்றொன்றைப் பாதிக்கக் கூடாது. இவற்றைத்தான் சார்பிலா நிகழ்ச்சிகள் என்கிறோம். சார்ந்திருந்தால் என்ன ஆகும்? பி1 செல்லை =ஏ1 என மாற்றி, பி1:பி1000 வரை செலக்ட் செய்து கன்ட்ரோல் + டி அழுத்துங்கள். 28 ஆக இருந்த 12 இப்போது 167-க்குத் தாவிவிடும். 7 ஒருமுறைகூட வராது! இரண்டாவது பகடை முதல் பகடையின் நகல்தானே.

இது வெறும் பள்ளிக்கூடக் கணக்கு அல்ல. கல்லூரியில் நிகழ்தகவு படித்துக்கொண்டிருந்த நாளில், இவளுடைய முதல் பிறந்தநாள் படங்களை சி டிரைவில் ஒரு காப்பி, டி டிரைவில் ஒரு காப்பி வைத்திருந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் போகாது என்ற தைரியம். ஒருநாள் ஹார்ட் டிஸ்க் பழுதானது. சி, டி இரண்டும் அந்த ஒரே டிஸ்கின் பிரிவுகள். எல்லாம் போய், பிரின்ட் போட்ட நான்கு படங்கள் மட்டுமே மிஞ்சின.

ஒரு டிஸ்க் ஓராண்டில் பழுதாகும் நிகழ்தகவு 1/20 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தனித்தனி டிஸ்க்குகளில் இரு காப்பிகள் இருந்தால், இரண்டும் போக 1/20 x 1/20 = 1/400. ஒரே டிஸ்கில் இருந்தால் அதே 1/20தான்.

எனவே இரண்டாவது காப்பியை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். காப்பி முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் மின்னல், வைரஸ் இரண்டையும் சேர்த்தே தாக்கும். முடிந்தால் அதை உறவினர் வீட்டில் வைப்பது இன்னும் நல்லது. உங்கள் வீட்டுப் படங்கள் எங்கே இருக்கின்றன என்று இன்றே பாருங்கள்.