ஷூபர்ட்டின் மீன் ஐவரிசை

மாட்டுங்காவில் வீட்டளவில் வயலின் பயில்வோர் பலர். மேடை ஏறுவோர் சிலரே. அத்தகைய வீட்டுக் கலைஞர் ஒருவருக்காகப் பிறந்ததே, ஐந்து கருவிகளுக்கான ஷூபர்ட்டின் ‘டிரவுட்’ இசைப்படைப்பு.

1819 கோடையில் ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நகருக்குச் சென்றபோது ஷூபர்ட்டுக்கு வயது 22. நம்மில் பலரினும் இளையவர்! அங்கே செல்லோ பயின்றுவந்த சுரங்க அதிகாரி பாம்கார்ட்னர், ஷூபர்ட் 1817-இல் இயற்றிய மீன் பாட்டில் உள்ளம் பறிகொடுத்தவர். அம்மெட்டு அமைந்த படைப்பொன்று வேண்டினார். பியானோ, வயலின், வயோலா, செல்லோ இவற்றோடு டபிள் பாஸையும் ஷூபர்ட் சேர்த்தார். கீழ்ச்சுரங்களை அது தாங்குவதால் செல்லோ தாராளமாகப் பாடுகிறது. கேட்டவர் மகிழ்ந்திருப்பார்!

நான்காம் பகுதியில் அம்மெட்டு தந்திக் கருவிகளில் தொடங்கிப் பியானோ, வயோலா எனக் கைமாறுகிறது. நம் நிரவலை நினைவூட்டினும், இங்கு ஒவ்வொரு சுரமும் முன்பே எழுதப்பட்டது.

1828-இல், 31 வயதில் ஷூபர்ட் மறைந்தார். இப்படைப்பு அச்சேறியது 1829-இல்.