விண்ணப்பிக்காதவர் வழக்குத் தொடரலாமா?

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் ஐந்து நீதிப்பேராணைகளின் பெயர்களையும் மாணவர்கள் தடையின்றி ஒப்பித்துவிடுவார்கள். சட்டப்பிரிவு 32இன்படி உச்சநீதிமன்றம், 226இன்படி உயர்நீதிமன்றம் என்பதும் மனப்பாடம். ஆனால் அந்த வாசலில் யார் போய் நிற்கலாம்? புன்னைக்காயலில் என் வகுப்பில் இதற்கு நான் எடுத்துக்கொள்வது, நாம் எல்லோரும் வேறொரு காரணத்துக்காக நடத்தும் செண்பகம் துரைராஜன் வழக்கை.

அன்றைய சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் இடங்கள் வகுப்புவாரி அரசாணைப்படி 14, 14ஆகப் பிரிக்கப்பட்டன. பிராமணர்களுக்கு அதில் 2 இடங்கள். அந்த ஆணை தம் அடிப்படை உரிமையை மீறுவதாக 1950 ஜூனில் செண்பகம் உயர்நீதிமன்றம் சென்று வென்றார். அரசின் மேல்முறையீட்டை 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றம் தள்ளியது. அதன் விளைவே முதல் திருத்தமும் 15(4)உம். பாடநூல் வழி நாம் சொல்வது இதுவரைதான்.

தீர்ப்பில் இன்னொரு செய்தி இருக்கிறது. செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. விசாரித்தபோது இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் வழக்குத் தொடர்ந்தார். (உடன் வழக்குத் தொடர்ந்த சீனிவாசன் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தார்.)

இந்த இடத்தில் நிறுத்தி, வகுப்பைத் தீர்ப்புச் சொல்ல விடுவேன்.

"மனுவே போடாம சீட்டு தரலன்னு எப்படி டீச்சர் சொல்ல முடியும்?" என்றான் ஒருவன்.

"கிடைக்காதுன்னு ஆர்டர்லயே இருக்கும்போது எதுக்குப் போடணும்?" என்றாள் பின்வரிசை மாணவி.

இரண்டும் வலுவான வாதங்கள். உச்சநீதிமன்றம் என்ன செய்தது? வழக்கு வென்றால் செண்பகத்துக்கு ஓர் இடம் தருவதாக அரசே ஒப்புக்கொண்டிருந்ததால், அந்தக் கேள்விக்குள் மேலும் போகவில்லை. ஆனால் விண்ணப்பிக்காதவர் இப்படி வருவதைத் தாங்கள் ஏற்றுக்கொண்டதாக யாரும் கருத வேண்டாம் என்றும் எழுதிவைத்தது. கதவு அவருக்காகத் திறந்தது. எல்லோருக்கும் என்று சொல்லப்படவில்லை.

முப்பது ஆண்டுகளில் நிலைமை மாறியது. வறுமையாலோ இயலாமையாலோ நீதிமன்றம் வரமுடியாதவர்களுக்காக, நல்லெண்ணத்துடன் வேறொருவர் வரலாம் என்று 1981இல் எஸ்.பி. குப்தா வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதை விளக்க இறால் பண்ணை வழக்கே போதும். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தம் சொந்த நட்டத்துக்காக அதைத் தொடரவில்லை. அவர் மனுவின்பேரில் 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபுமுறை அல்லாத இறால் பண்ணைகளை அகற்ற உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது வேறு கதை.

பாடம் முடிந்ததும் நான்கு சீட்டுகள் கொடுப்பேன். படகு உரிமம் மறுக்கப்பட்டவர். இன்னும் விண்ணப்பிக்காத அவர் தம்பி. ஆற்றுமுகம் கெடுகிறது என்று மனுப் போடும் வெளியூர்க்காரர். வேலித் தகராறில் பக்கத்து வீட்டார்மீது பேராணை கேட்பவர். கடைசிச் சீட்டை உடனே ஒதுக்கிவிடுகிறார்கள், அங்கே எதிரில் அரசு இல்லையே. தம்பியின் சீட்டுக்குத்தான் மணி அடித்த பிறகும் சண்டை நடக்கிறது.