பெரிய எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆறு இலக்க எண்ணைக் கண்டதும் கால்குலேட்டரைத் தேட வேண்டாம்; ஒரு தாளும் பேனாவும் போதும். பகாக் காரணிகள் கைக்கு வந்துவிட்டால், ஓர் எண்ணின் பெரும்பாலான பண்புகளை அவற்றைக் கொண்டே சொல்லிவிடலாம். உதாரணத்துக்கு 7,20,720-ஐ எடுத்துக்கொள்வோம்.

படி 1: கடைசி இலக்கங்களைப் பாருங்கள்

எண் 0-இல் முடிகிறது. எனவே 2, 5 இரண்டாலும் வகுபடும். கடைசி நான்கு இலக்கங்கள் 0720. 720 ÷ 16 = 45, மீதி இல்லை; ஆகவே முழு எண்ணும் 16-ஆல் வகுபடும்.

படி 2: இலக்கங்களைக் கூட்டுங்கள்

7 + 2 + 0 + 7 + 2 + 0 = 18. இது 9-ஆல் வகுபடுவதால், எண்ணும் 9-ஆல் வகுபடும்.

படி 3: மும்மூன்றாகப் பிரியுங்கள்

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்க ஒரு வழி உண்டு. வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். விடை இம்மூன்றில் எதால் வகுபடுகிறதோ, அதால் எண்ணும் வகுபடும். 7 × 11 × 13 = 1001 என்பதுதான் இதற்குக் காரணம். நம் எண்ணில் 720 − 720 = 0. ஆக, மூன்றாலுமே வகுபடும். இன்னும் சொன்னால், நம் எண் 720 × 1001.

படி 4: பகாக் காரணிகளாக எழுதுங்கள்

720 = 2⁴ × 3² × 5. எனவே,

7,20,720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

படி 5: காரணிகளை எண்ணுங்கள்

ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. இந்த எண்ணுக்கு 240 காரணிகள்!

படி 6: காரணிகளின் கூடுதல்

2-க்கு 1 + 2 + 4 + 8 + 16 = 31; 3-க்கு 1 + 3 + 9 = 13; மற்றவற்றுக்கு 6, 8, 12, 14. எல்லாவற்றையும் பெருக்கினால் 32,49,792. இதில் எண்ணைக் கழித்தால் 25,29,072. எண்ணைவிட இது அதிகம் என்பதால் 7,20,720 ஒரு மிகை எண். இரண்டும் சமமாக இருந்திருந்தால் நிறைவு எண் ஆகியிருக்கும்.

படி 7: வர்க்க எண்ணா?

எல்லா அடுக்குகளும் இரட்டைப்படையாக இருந்தால்தான் வர்க்க எண். இங்கே 5, 7, 11, 13 ஒற்றையாக நிற்கின்றன. அவற்றின் பெருக்கலான 5005-ஆல் பெருக்கினால் 60,060-இன் வர்க்கம் கிடைக்கும்.

இந்த எண்ணுக்கு என்ன சிறப்பு?

1 முதல் 16 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் இதுதான். அதாவது அவற்றின் மீ.சி.ம. மேலும், இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 அல்லது அதற்கு மேற்பட்ட காரணிகள் கிடையாது. இத்தகைய எண்களை உயர் பகு எண்கள் என்பார்கள். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1915-இல் இவற்றைப் பற்றி நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அந்த ஆய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது.

நீங்களே செய்து பாருங்கள்

5,10,510-ஐ இதே படிகளில் பிரியுங்கள். மும்மூன்றாகப் பிரித்தால் பாதி வேலை முடிந்தது. ஏழு வெவ்வேறு பகா எண்கள் வரும், காரணிகள் 128. பகா எண்கள் ஒன்று கூடுதலாக இருந்தும் காரணிகள் ஏன் குறைந்தன? 2, 3 ஆகியவற்றின் அடுக்குகளை ஒப்பிட்டுப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.